கவனக்குறைவு என்னும் புதிய தலைவிதி

நாளேட்டின் மூலையில் நான்கே வரிகள். மின்சாரம் தாக்கித் தொழிலாளி மாண்டார் என்பது தலைப்பு. ஊர் இருக்கும்; வயது இருக்கும்; மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளனர் என்ற குறிப்பு இருக்கும்; காவல் துறையினர் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர் என்ற முடிவுரை இருக்கும். ஏன் மாண்டார் என்பதற்கு விடை சொல்லும் ஐந்தாவது வரி மட்டும் இருக்காது.

அந்த ஐந்தாவது வரியை ஊரார் தாமே எழுதிக்கொள்கின்றனர். திண்ணையில் இருக்கும் முதியவர், "அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்" என்கிறார். கேட்டு நகைக்கிறான் இளைஞன். விதி என்றால் சீறுகிறவன் அவன். சோதிடக் குறிப்பைக் கிழித்தெறிந்தவன். படிப்பகத்திற்கு நாள்தோறும் வருகிறவன். "விதியாவது, வெங்காயமாவது! கவனமாக வேலை செய்திருந்தால் பிழைத்திருப்பான்" என்கிறான்.

முதியவர் சொன்னது மூடநம்பிக்கை, இளைஞன் சொன்னது பகுத்தறிவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாம் கேட்கிறோம்: இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உண்மையில் என்ன வேறுபாடு?

விதி என்ற சொல் நாட்டிலே செய்துவந்த வேலை யாது? காரணம் கேட்கும் வாயை அடைப்பது. பிள்ளை கொள்ளைநோயில் மடிந்தால் விதி. ஆகவே குடிநீர்க் குளத்தை எவரும் பார்க்க வேண்டுவதில்லை. ஏழை ஏழையாகவே இருந்தால் விதி; ஆகவே நிலம் எவரிடம் இருக்கிறது என்று எவரும் கேட்க வேண்டுவதில்லை. குற்றவாளியை வானத்திலே வைத்துவிட்டால் பூமியிலே எவரையும் கூண்டில் ஏற்ற வேண்டிய தொல்லை இல்லை.

கவனக்குறைவு என்ற சொல் செய்யும் வேலை யாது? அதே வேலைதான்! இது குற்றவாளியை வானத்திலே வைப்பதில்லை. பிணத்தின் மீதே வைக்கிறது. மாண்டவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. எனவே வழக்கு முடிந்தது, கோப்பு மூடப்பட்டது. முன்னது ஆண்டவன் மேல் பழி. பின்னது மாண்டவன் மேல் பழி. இரண்டிலும் உயிரோடு இருக்கும் ஒருவர்கூடப் பதில் சொல்ல அழைக்கப்படுவதில்லை. விதியை விரட்டிவிட்டோம் என்று நாம் வெற்றி முழக்கம் செய்துகொண்டிருக்க, அது பெயரை மாற்றிக்கொண்டு கொல்லைப்புற வழியாக நம் வீட்டிற்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

வெறுஞ்சொல்லால் இதை நாட்ட வேண்டியதில்லை. பழைய திருச்சி மாவட்டத்தின் வடபுறமாய் இருந்து, பின்னர்த் தனி மாவட்டங்களான பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர், வானம் பார்த்த பூமி. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மண். ஆற்றுப் பாசனம் அரிது, கிணறே கதி. அரியலூரில் பண்டைக் காலத்தில் கடல் இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கமெல்லாம் முந்திரித் தோப்புகள். இந்நிலத்தில் பாடுபடுவோர் எவர் எவர்? கிணற்று மேட்டில் மோட்டார் போடும் உழவர்; கல்குவாரியிலும் கிரஷரிலும் உழைப்போர்; ஆலையில் ஒப்பந்தக் கூலிகளாய் நுழைவோர்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு ஊர் ஊராய்ச் செல்வோர்; கட்டடத்தில் கம்பி கட்டுவோர்; மின்கம்பத்தில் ஏறுவோர். இவர்கள் அத்தனை பேரும் நாள்தோறும் கைதொடும் தொலைவில் மின்சாரத்தை வைத்துக்கொண்டே வேலை செய்கின்றனர்.

மின்சாரத்தை நாம் பழிக்கவில்லை. ஏற்றம் இறைத்தும் கவலை ஓட்டியும் மனிதனும் மாடும் முதுகொடிந்த காலத்தை நாடு மறக்கலாகாது. 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீரின் வலிமை மின்னாக மாறியது. 1957-இல் மின்சார வாரியம் அமைந்து, கம்பிகள் பட்டிதொட்டியெல்லாம் சென்றன. இன்று தமிழ்நாட்டில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. முதுகெலும்பை மீட்டுத் தந்தது மின்சாரம். அந்த நன்மை உண்மை என்பதனாலேயே நம் கேள்வி கூர்மையடைகிறது: இவ்வளவு பெரிய ஆற்றலைச் சிற்றூர் வரை கொண்டுவரத் தெரிந்த சமுதாயத்திற்கு, அதனோடு கூடவே பாதுகாப்பையும் கொண்டுவரத் தெரியவில்லையா?

இந்தியாவில் ஆண்டுதோறும் 12,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி மாள்கின்றனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகள் அண்மை ஆண்டுகளில் காட்டுகின்றன. நாளொன்றுக்கு முப்பது பேருக்கு மேல்! வீட்டில் மாண்டோரும் வீதியில் மாண்டோரும் வேலையில் மாண்டோரும் இதில் அடங்குவர். ஓர் ஆண்டு ஐம்பது பேர், மறு ஆண்டு ஐம்பதாயிரம் பேர் என்றிருந்தால் விதியின் விளையாட்டு என்று சொல்வோர்க்குச் சிறிதேனும் இடம் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ ஒரே அளவு உயிரைக் கொள்ளும் ஒன்றை விளையாட்டு என்று சொல்ல முடியுமா? ஒரே விளைவு திரும்பத் திரும்ப வருமாயின், ஒரே காரணங்கள் திரும்பத் திரும்ப இயங்குகின்றன என்பதன்றோ பகுத்தறிவின் பாலபாடம்!

இன்னொன்றும் காண்க. கம்பத்தில் மாள்பவர் பெரும்பாலும் கடைநிலைப் பணியாளர் அல்லது பெயர்ப் பதிவேட்டிலேயே இல்லாத ஒப்பந்தக் கூலி. மோட்டார் கொட்டகையில் மாள்பவர் உழவர் அல்லது அவரிடம் கூலிக்கு வந்தவர். விதி அனைவர்க்கும் பொது என்பர். அப்படியானால் அது ஏன் கூலிக்காரன் குடிசையையே தேடிச் செல்கிறது? கவனக்குறைவு மனித இயல்பு என்பர். அப்படியானால் மேசைக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் கவனக்குறைவு கோப்பில் ஒரு பிழையோடு போக, கம்பத்தின் மேல் இருப்பவனின் கவனக்குறைவு மட்டும் ஏன் சாவில் முடிகிறது? மேசைக்காரர் சிறந்த கவனம் உடையவர் என்பதனாலா? இல்லை. அவர் தவறு செய்தாலும் சாகாத இடத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார். இவன் ஒரு நொடி தவறினாலும் சாகும் இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறான். நிறுத்தியவர் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மின்சாரம் எங்ஙனம் கொல்கிறது என்பதை அறிந்தால், கவனத்தையே காவலாக நம்புவது எவ்வளவு பெரிய மடமை என்பது விளங்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், உடலினூடே பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு வேண்டியதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் நூறு மில்லி ஆம்பியர் அளவிலேயே மனித இதயம் தாளம் தப்பித் துடித்து நின்றுவிடக்கூடும். அதனினும் மிகக் குறைந்த அளவிலேயே கைத்தசை இறுகிவிடும். பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தாமே முன்வந்த தொண்டர்களை வைத்து இதனை அளந்து பார்த்தார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர் என்று கண்டார். "விட்டுவிட்டிருக்கலாமே" என்று பேசுவோர் இதை அறியவேண்டும். மின்சாரம் பாயத் தொடங்கியபின் கை அவனுடையதன்று.

"பியூஸ் இருக்கிறதே, அது காக்காதா?" என்பர். வீட்டு பியூஸ் ஐந்து ஆம்பியருக்கு, அதாவது 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் சென்றால்தான் உருகும். மனிதனைக் கொல்வதற்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். ஒரு விளக்கு எரியும்போது பியூஸ் போவதில்லை. ஒரு மனிதன் துடிக்கும்போதும் போவதில்லை. கம்பியும் கட்டடமும் தீப்பற்றாமல் காப்பதற்கு ஏற்பட்டது பியூஸ்; மனிதனைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று.

மனிதனைக் காக்கும் கருவி வேறு இருக்கிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று இடையறாது நிறுத்துப் பார்க்கும் கருவி அது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட, நொடியின் மூன்றில் ஒரு பங்கிற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆர்.சி.டி. என்றும், கடைத்தெருவில் பழைய பழக்கத்தால் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வர். டால்சீல் அத்தகைய கருவியை வடித்தது 1961-இல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! அமெரிக்காவில் கட்டுமான இடங்களுக்கு அது கட்டாயம் என்று 1970-களிலேயே ஆயிற்று. மக்காச்சோளக் காட்டு மோட்டார் கொட்டகைகளில் அது எத்தனையில் இருக்கிறது? இளைஞர்களே, உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

இனி, நாம் அறிந்த எந்தக் கொட்டகையிலும் நடக்கக்கூடிய ஒரு சாவை எண்ணிப் பார்ப்போம். மழை பெய்து ஓய்ந்த விடியற்காலை. வெங்காய வயலுக்குத் தண்ணீர் விட வந்தவர் ஈரக் காலோடு நின்று ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுகிறார், சாய்கிறார். ஈரக் கையோடு தொட்டார், ஆகவே கவனக்குறைவு என்று தீர்ப்பு எழுதிவிடலாம். எழுதுமுன் கேட்போம். இரும்புப் பெட்டியில் மின்சாரம் எப்படி வந்தது? உள்ளே ஒயரின் மேலுறை எலி கடித்து அல்லது நாட்பட்டுக் கிழிந்திருந்தது. கிழிந்தாலும் எர்த் கம்பி வழியே மின்சாரம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டுமே? எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அறாமலே இருந்திருந்தால்? பெரம்பலூர்ப் பாறை நிலத்தில், கோடையில் காய்ந்த மண்ணில், எர்த்தின் தடை 50 ஓம் இருந்துவிட்டால், கசிவது ஐந்து ஆம்பியருக்கும் குறைவே. மோட்டார் பியூஸ் அசையாது. அப்படியானால் ஆர்.சி.டி. ஏன் இல்லை? "மாட்டினோம்; அடிக்கடி விழுந்தது; கழற்றிவிட்டோம்" என்பார் வயர்மேன். அது அடிக்கடி விழுந்தது ஏன்? மோட்டாரில் கசிவு இருந்தது. அதைத்தான் அது கூவிக் கூவிச் சொன்னது. கூவிய காவல்நாயைக் கொன்றுவிட்டுத் திருடனை நொந்துகொள்வது எவ்வகை அறிவு?

அந்த ஈரக் கை, இப்படிப்பட்ட காரணங்களின் வரிசையிலே கடைசிக் கண்ணி. அதற்கு முன்னால் ஐந்து கண்ணிகள். ஐந்திலும் எவரோ ஒருவர் ஒன்றைச் செய்திருக்கலாம், செய்யவில்லை. கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்தையும் விட்டுவிடுவதற்கு நாம் வைத்திருக்கும் நாகரிகப் பெயர்தான் கவனக்குறைவு.

கம்பத்தில் ஏறுவோர் நிலையும் இதுவே. மின்பாதையில் கை வைக்குமுன் லைன் கிளியர் வாங்க வேண்டும், சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும், மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும், வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்ட வேண்டும், பிறகே ஏறவேண்டும். இருபுறமும் ஏன்? மின்சாரம் மின்நிலையத்திலிருந்து மட்டும் வருவதில்லை. எங்கோ ஒரு கடைக்காரர் முறையான மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், செத்த கம்பி பின்புறமாக உயிர்பெறும். ஏறியவன் உயிர் போகும். ஆனால் ஒரு புயல் மழை இரவில், ஊரெல்லாம் இருட்டில், "இன்னும் எத்தனை நேரம்?" என்று தொலைபேசி அலறிக்கொண்டிருக்க, ஆள் பற்றாத பிரிவு அலுவலகத்தில், கையுறையும் ராடும் எல்லார்க்கும் இல்லாத நிலையில், நாட்கூலிக்கு வந்தவனிடம், "லைன் ஆப் ஆயிற்று, ஏறு" என்று வாய்மொழியாய்ச் சொல்லப்படுமாயின், அவன் என்ன செய்வான்? ஏறமாட்டேன் என்றால் நாளை வேலை இல்லை. ஏறினால் நாளையே இல்லாமல் போகலாம். மறுக்க முடியாதவனிடம் கவனத்தை எதிர்பார்ப்பது, கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது.

தலைக்கு மேல் செல்லும் கம்பியைப் பாருங்கள். தெருவைக் கடந்து செல்லும் 11,000 வோல்ட் கம்பிக்கு ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம் வேண்டும் என்பது விதிமுறை. கட்டடத்துக்கு வரும் முறுக்குக் கம்பியோ பன்னிரண்டு மீட்டர் நீளம். மாடியில் நின்று அதனை ஒருவர் நிமிர்த்தினால் போதும். இரும்பு ஏணி, ஆழ்துளை வண்டியின் கோபுரம், தோப்பிலே பறிக்கும் அலுமினியத் தொரட்டி, வைக்கோல் ஏற்றிய லாரி, எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து. கொள்ளிடத்திற்குத் தெற்கே, தஞ்சை மாவட்டத்துக் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிச் சிறுவர்கள் உட்படப் பதினொருவர் மாண்டதை நாடு அறியும். அது பணியிடமன்று. ஆயினும் பாடம் ஒன்றே. தேர் எவ்வளவு உயரம், கம்பி எவ்வளவு உயரம் என்று முந்திய நாளே அளக்கலாம். தேர் நகரும் நேரத்திற்கு மின்சாரத்தை நிறுத்தலாம். ஊர் முழுதும் பதினைந்து நிமிடம் இருட்டாய் இருந்தால் நட்டம் என்ன?

இங்கே ஒரு மறுப்பு எழும்; அதை ஒதுக்கிச் செல்வது நேர்மையன்று. "அப்படியானால் தொழிலாளிக்குக் கடமையே இல்லையா? கையுறை கொடுத்தும் போடாதவன் இல்லையா? குடித்துவிட்டு ஏறுபவன் இல்லையா? அவனுக்கும் அறிவு உண்டு என்று சொல்லிவிட்டு அவன் தவற்றை மட்டும் மறைப்பது, அவனைக் குழந்தையாக்குவது ஆகாதா?"

மறுப்பில் உண்மை இருக்கிறது. கவனம் கடமையே. அதை உயிரோடு இருப்பவனுக்குக் கற்பிக்க வேண்டும், வற்புறுத்த வேண்டும், தவறினால் கண்டிக்கவும் வேண்டும். நாம் மறுப்பது வேறு. உயிரோடு இருக்கையில் ஒரு நாளும் பயிற்சி தராதவர், பிணமான பிறகு கவனம் பற்றிப் பாடம் நடத்துவதை மறுக்கிறோம். கவனம் என்பது வேலைக்கு முன் சொல்ல வேண்டிய அறிவுரை. சாவுக்குப் பின் எழுதும் தீர்ப்பன்று. மேலும், பத்து மணிநேரம் உழைத்துக் களைத்த உடல் ஒருமுறையாவது தவறும் என்பது இயற்கை. மனிதன் தவறுவான் என்பதை முன்னரே அறிந்து, தவறினாலும் சாகாதபடி ஏற்பாடு செய்வதே அறிவு. தவறவே தவறாத மனிதன் வேண்டும் என்று கேட்பவர், தொழிலாளியிடம் தெய்வத்தை எதிர்பார்க்கிறார்!

இது நம் கற்பனை வாதமன்று. உலகம் நடந்துவந்த பாதை. 1837-இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி எதிர் பௌலர் என்ற வழக்கில், வேலையில் காயமுற்ற பணியாளுக்கு முதலாளி ஈடு தர வேண்டுவதில்லை என்ற கொள்கை வேரூன்றியது. "ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்?" என்பதே அக்காலத்து நீதியாயிற்று. அமெரிக்க இருப்புப்பாதைகளில் பெட்டிகளை இணைக்கும் தொழிலாளி இரு பெட்டிகளுக்கிடையே நின்று கையால் இணைக்க வேண்டியிருந்தது. விரலிழந்தவர், உயிரிழந்தவர் ஏராளம். கவனம் போதாது என்றுதான் அவர்களையும் ஏசினர். 1893-இல் ஒரு சட்டம் வந்தது: தானே இணைந்துகொள்ளும் கொக்கி கட்டாயம் என்றது. அது நடைமுறைக்கு வந்தபின் அவ்வேலையில் சாவு பெரிதும் குறைந்தது. தொழிலாளர் ஒரே இரவில் கவனசாலிகளாகிவிட்டனரா? இல்லை. கொக்கி மாறியது, அவ்வளவே!

நம் நாட்டின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. குடிபோதையாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதாலோ காயம் பட்டால் ஈடு மறுக்கலாம் என்றது அது. ஆனால் காயம் சாவில் முடிந்தால் அந்தச் சாக்குச் செல்லாது என்றும் சொன்னது. மாண்டவன் மேல் பழிபோட்டு அவன் மனைவி மக்களைப் பட்டினி போடலாகாது என்ற அறம் அதில் இருக்கிறது.

உச்சநீதிமன்றம் 2002-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மத்தியப் பிரதேசத்தில், மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் சிக்கி, இரவு வேலை முடிந்து மிதிவண்டியில் வந்த ஒரு தொழிலாளி 1997-இல் மாண்டார். எவனோ திருட்டுத்தனமாய் மின்சாரம் எடுக்க இழுத்த கம்பி அது, எங்கள் பிழையன்று என்றது மின் வாரியம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபத்தான ஆற்றலைக் கையாளும் தொழில் நடத்துவோர், தம் கவனக்குறைவு நாட்டப்படாவிடினும் பொறுப்பாளரே என்றது. இதில் உள்ள கோட்பாட்டை இளைஞர்கள் மனத்திற் பதிக்க வேண்டும்: எவர் கையில் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வல்லமை இருக்கிறதோ, அவர் கையிலேயே பொறுப்பும் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்த இயலாதவனிடம் போய், ஏன் நீ செத்தாய் என்று கேட்பது நீதியாகாது.

இக்கோட்பாடு ஏழைக்கு மட்டும் சாதகமானதன்று. ஏழையையும் அது விடாது. காட்டுப் பன்றியைத் தடுக்க வயலைச் சுற்றிக் கம்பி கட்டி நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவோர் இருக்கின்றனர். இரவில் அவ்வழி நடந்துவந்த கூலியாளோ, அண்டை வயல்காரரோ, கட்டியவரின் வீட்டாரோ மாள்கின்றனர். இதையும் விபத்து என்பர். தொட்டவர் சாவார் என்பது தெரிந்தே இருட்டில் கட்டப்பட்ட கம்பி எப்படி விபத்தாகும்? சோளத்தைக் காக்க ஆளைக் கொல்லும் ஏற்பாடு அது. துடிப்புத் துடிப்பாய் மின்னதிர்ச்சி தந்து விலங்கை விரட்டும் சூரியவேலி உண்டு. மின்வேலிகளுக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் விதிகள் வகுத்தது. உழவர் படும் நட்டம் உண்மை. அதற்கு ஈடு கேட்பது உரிமை. ஆனால் அந்த உரிமை, அடுத்தவர் உயிர்மேல் ஏறிச் செல்ல வழியில்லை.

பொறுப்பு என்பது என்ன என்று கற்க அரியலூர் தொலைவு போக வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, அரியலூருக்கு அருகே வெள்ளம் பெருகிய மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இரயில்வே அமைச்சராய் இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர் அவர். வண்டியை ஓட்டியவர் அவரல்லர். மழையைப் பொழியச் செய்தவரும் அல்லர். "மழை பெய்தது, நான் என்ன செய்வேன்?" என்று அவர் சொல்லியிருக்கலாம், விதி என்று சொல்ல நாடே காத்திருந்தது. சொல்லவில்லை.

அச்செயலை நாம் மதிக்கிறோம். ஆனால் அதோடு நின்றுவிடுவதும் தவறு. அமைச்சரின் விலகல் ஒரு பண்பு. அது எந்தப் பாலத்தையும் தாங்கிப் பிடிப்பதில்லை. பாலத்தைத் தாங்குவது வெள்ளத்திற்கு முன் நடக்கும் சோதனை. ஒருவர் தலை உருள்வதால் நெஞ்சு குளிரும். அடுத்த சாவு நிற்காது. மாண்டவன் மேல் பழி போடுவதும், ஒரு லைன்மேனையோ உதவிப் பொறியாளரையோ இடைநீக்கம் செய்து கோப்பை மூடுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். நாம் கேட்பது பலியாடு அல்ல, காரணம். காரணம் தெரிந்தால் அதைக் களையும் கடமை எவருக்கு உரியது என்பதும் தெரியும்.

ஆகவே, பகுத்தறிவுப் பாசறையில் வளரும் இளைஞர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. மேடையிலே விதியை வீழ்த்துவது எளிது. மோட்டார் கொட்டகையிலே வீழ்த்த வேண்டும். உங்கள் ஊரில் அடுத்த சாவு நேருமாயின், "கவனமாக இருந்திருக்கலாம்" என்று சொல்லும் நாவை அடக்கிக்கொண்டு ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எர்த் இருந்ததா? ஆர்.சி.டி. இருந்ததா? லைன் கிளியர் எழுத்தில் இருந்ததா? கம்பியின் உயரம் அளக்கப்பட்டதா? கடைசியாய் அந்த இடத்தைச் சோதித்தவர் யார், எப்போது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, மின்சாரத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசு விசாரணைக்கு ஆணையிடவும் வழி செய்கிறது. அவ்வறிக்கை வந்ததா, அதில் சொன்னது நிறைவேறியதா என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். மாண்டவர் குடும்பத்துக்கு அக்கேள்வி எழுத உதவும் ஒரு கை, ஆயிரம் அனுதாபத் தீர்மானங்களிலும் மேலானது.

சாவுக்கு முன்னரும் செய்யத்தக்கவை உண்டு. ஊரிலுள்ள கொட்டகைகளை உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரோடு சென்று பாருங்கள். எர்த் அறுந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாங்கும் செலவில் சிறு பங்குதான் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியின் விலை. அதையும் தாங்க இயலாத சிறு உழவர்க்கு அரசே தர வேண்டும் என்று கேளுங்கள். இலவச மின்சாரம் தந்த நாடு, அதனோடு உயிர்க்காவலும் தருவது பெருஞ்செலவாகாது. தொங்கும் கம்பியைப் படம் எடுத்து, 2021-இல் தொடங்கிய மின்னகத்திற்கு முறையிடுங்கள். பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். நாளை அது சான்றாகும். எழுத்தில் லைன் கிளியர் இல்லாமல் ஏறமாட்டேன் என்று சொல்லும் தொழிலாளியின் வேலைக்குத் தொழிற்சங்கம் காவலாக நிற்க வேண்டும். எவரேனும் சிக்கிவிட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள்; முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். வீட்டு மின்சாரமாயின், நிறுத்த இயலாத இடத்தில் உலர்ந்த மரக்கட்டையால் விலக்கலாம். உயரழுத்தக் கம்பியாயின் நெருங்கவே கூடாது, மின்சாரம் நிறுத்தப்படும் வரை. மீட்டபின் மூச்சில்லையேல், மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள். அதை இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.

ஊழைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். தமிழன் நெடுங்காலம் முன்னதையே மனப்பாடம் செய்தான். பின்னதைக் கையில் எடுக்கும் காலம் இது. மனிதன் இழுத்த கம்பி, மனிதன் நட்ட கம்பம், மனிதன் பூட்டிய சுவிட்ச். இதில் மனிதன் அறிய முடியாத மறைபொருள் ஒன்றுமில்லை. மருதையாற்றங்கரை முதல் பெரம்பலூர்க் கிணற்றுமேடு வரை, நாளேட்டின் அந்த ஐந்தாவது வரி எழுதப்படாமலே கிடக்கிறது. விதி என்றும் எழுதாமல், கவனக்குறைவு என்றும் எழுதாமல், உண்மைக் காரணத்தை அங்கே எழுதுவோம். எழுதப்பட்ட காரணத்தைக் களையலாம். களைந்தால் அடுத்தவன் வீடு திரும்புவான்.